நனைந்த பாய்

கல்பிட்டி
14.01.2024

சிபானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன் மாப்பிள்ளையும் புது மருமகனும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். என் சுகத்தை நீ கேட்கவில்லை. கேட்காததற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

முந்தாநாள் போனில் கத்தினாய். "கல்பிட்டியில ரெண்டு போட் ஓடுது எண்ட பெருமயா ராத்தா? எண்ட மகள்ட கலியாணத்துல சஹன்ல இருந்து எழும்பிப் போறதா? மாப்பிள வீட்டாக்கள்ட முகத்த நான் எப்படிப் பாக்குற?" நான் போனை வைத்துவிட்டேன். அடுப்படியில் மாமி இருந்தார். நான் போனை எடுத்தால் அவர் றேடியோவை அணைத்துவிடுவார்.

இப்போது சொல்கிறேன், கேள். ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் சாப்பிட இருந்தோம். இன்னும் சோற்றில் கை வைக்கவில்லை. மருமகனின் பெரியம்மா ஏதோ பகிடி சொன்னார். சிரித்தேன். அவ்வளவுதான், என்னிலிருந்து மூத்திரம் போய்விட்டது. துளி இல்லை சிபானா, பாய் நனைந்துவிட்டது. நல்ல வேளை, கறுப்பு அபாயா. அவர்கள் பாயைப் பார்க்கும் முன் எழும்பி நடந்தேன். உன் மகளுக்கு ஸலாம்கூடச் சொல்லவில்லை. மாத்தளையிலிருந்து புத்தளம் வரை ஈர உடுப்போடு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் இரண்டு தரம் மூக்கைப் பொத்திவிட்டு வேறு சீட்டுக்குப் போனாள்.

ஃபஸ்லான் பிறந்ததிலிருந்து இப்படித்தான். ஆயுதம் போட்டு இழுத்து எடுத்த பிள்ளை அல்லவா. தும்மினால் போகும், இருமினால் போகும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் போகும். துணி மடித்து வைத்து வைத்துத் தொடை புண்ணாகிவிட்டது. பெண் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பதை ஏன் நிறுத்தினேன் என்று ஊரெல்லாம் கேட்டது. ஒரு பக்கம் ஓதி முடிப்பதற்குள் ஒளு முறிந்து சுத்தம் போனால் எப்படிக் குர்ஆனைத் தொடுவது? எனக்குத் தலைக்கனம் என்றார்கள். கூடப்பிறந்த நீயும் அதையேதான் சொன்னாய்.

பதில் எழுதினால் பக்கத்து வீட்டு மெரினாவின் விலாசத்துக்கு எழுது. அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷத்தில் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

வஸ்ஸலாம்.
உன் ராத்தா ஜுனைதா


மாத்தளை
25.01.2024

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடம்பு எப்படி என்று கேட்கவே கை கூசுகிறது. கேட்க வேண்டிய காலத்தில் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்: எப்படி இருக்கிறீர்கள்?

உங்கள் கடிதத்தைப் பாடசாலையில் பிரித்தேன். அடுத்த பாடத்துக்குப் போகவில்லை, தலையிடி என்று சொல்லிவிட்டேன். ராத்தா, நான் கத்தியதை நீங்கள் மன்னிக்க வேண்டாம். ஆனால் இதைக் கேளுங்கள்.

எங்கள் பாடசாலையில் அஸ்ரியா டீச்சர் இருக்கிறார். அவருக்கும் இதுதான். போன வருஷம் ஒபரேசன் செய்தார். மூத்திரக் குழாய்க்கு அடியில் தாங்கல் மாதிரி ஒரு பட்டியைப் போடுகிறார்களாம். இப்போது விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகளோடு ஓடுகிறார். இது வியாதி ராத்தா. பெயர் உண்டு, வைத்தியம் உண்டு, அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே செய்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் நீங்கள் துணி கட்டிக்கொண்டு இருந்ததை நினைத்தால் எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருக்கிறது. யாரை என்றுதான் தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போங்கள். மச்சானிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நீங்களும் மச்சானும் எப்படி இருக்கிறீர்கள்?

உங்கள் தங்கச்சி
சிபானா


கல்பிட்டி
02.03.2024

சிபானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் தலையிடி எப்படி? இங்கே எல்லாரும் சுகம். நானும் மச்சானும் எப்படி என்று கேட்டிருந்தாய். வாடைக்காற்று அடங்கிவிட்டது, இனி மீன் வரும்.

கிளினிக்குக்குப் போனேன். வீட்டில் சீனி வருத்தம் பார்க்கப் போவதாகச் சொன்னேன். துணைக்கு மெரினா வந்தாள்.

அங்கே நடந்ததைக் கேள். வாங்குப் பலகைகளில் நாற்பது ஐம்பது பேர், பாதி ஆண்கள். ஆஸ்பத்திரி வேலையாள் ஒருத்தி துண்டுச் சீட்டைப் பார்த்துவிட்டு வாசலில் நின்று கத்தினாள்: "மூத்திரம் போற அம்மா யாரு? மூத்திரம் போற அம்மா!" முதலில் சிங்களத்தில், பிறகு எல்லாருக்கும் விளங்க வேண்டும் என்று தமிழிலும். நான் எழும்பவில்லை. மெரினா எழும்பிப் போய், "நான்தான். உனக்குப் போறதில்லையா?" என்று கேட்டாள். சனம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அப்படியே என் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோனாள்.

டொக்டர் பெண். பெயர் ஷானிகா. தமிழ் கொஞ்சம் கொஞ்சம் வரும். என்னை நிற்க வைத்து இருமச் சொன்னார். இருமினேன். அவருடைய காலிலிருந்த சப்பாத்தில் பட்டுவிட்டது. நான் அழுதேன். "அழ வேணாம். இதப் பாக்கத்தான் இருமச் சொன்னது" என்றார். சப்பாத்தைப் பார்க்கவே இல்லை.

உடனே வெட்டமாட்டார்களாம். கீழ்த் தசையை இறுக்கி இறுக்கி விடும் பயிற்சி ஒன்று சொல்லித்தந்தார். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்ய வேண்டும், பலருக்கு அதிலேயே சுகம் வரும் என்றார். வராவிட்டால் ஒபரேசன். பிள்ளை பெற்ற வாட்டிலேயே இதைச் சொல்லித்தந்திருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். நாலு பிள்ளை பெற்றேன். நாலு தரமும் "காலை அகட்டு" என்று சொல்ல ஆள் இருந்தது. இதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

நோன்பு வருகிறது. பிள்ளைகளுக்கு என் ஸலாம்.

ராத்தா


மாத்தளை
20.03.2024

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு எப்படிப் போகிறது? களைப்பில்லாமல் பிடிக்கிறீர்களா? இங்கே சுகம்.

மெரினாவின் கையை என் சார்பில் ஒரு முறை பிடித்துக்கொள்ளுங்கள். பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

மச்சானைப் பற்றிக் கேட்டேன், காற்றைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். திரும்பவும் கேட்கமாட்டேன். ஆனால் ஒபரேசன் என்று வந்தால் அவருக்குத் தெரியத்தானே வேண்டும். பெருநாள் முடிய, நல்ல நேரம் பார்த்துச் சொல்லுங்கள். அவர் கெட்ட மனிதர் இல்லையே.

சிபானா


கல்பிட்டி
10.06.2024

சிபானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் எல்லாருடைய உடம்புக்கும் சுகம் கிடைக்கட்டும். பெருநாள் அன்றே நீ கடிதம் எதிர்பார்த்திருப்பாய். எழுத நல்ல சேதி இருக்கவில்லை.

பயிற்சியை நோன்பிலும் விடாமல் செய்தேன். கொஞ்சம் குறைந்தது. ஆனால் தும்மினால் இன்னும் போகிறது. போன கிழமை டொக்டர் ஷானிகா திரும்பப் பார்த்தார். ஒபரேசன் செய்யலாம் என்றார். பிறகு அங்கிருந்த நேர்ஸ் மிஸ், "ஹஸ்பண்டக் கூட்டிட்டு வாங்க. கையெழுத்து வேணும்" என்றாள்.

அதனால் சொன்னேன். நல்ல நேரம் பார்த்துத்தான் சொன்னேன். சாப்பிட்டுக் கதிரையில் சாய்ந்திருந்தார். முழுக்கக் கேட்டார். பிறகு, "இது ஒரு வருத்தமா?" என்றார்.

"ஓம், வருத்தம்தான். பேர் இரிக்கி" என்றேன்.

"ஆம்பிள டொக்டர் பாப்பானா?"

"பொம்பள டொக்டர்."

"அங்க நிக்கிறவன் எல்லாம் பொம்பளயா? இஞ்ச பாரு, இந்த ஊர்ல எனக்கு ஒரு மரியாத இரிக்கி. பொஞ்சாதிக்கு மூத்திரம் நிக்கிதில்ல எண்டு கரையில மீன் வாடியில ஆக்கள் கதச்சா நான் எங்க போய் நிக்கிற?"

அவர் எங்கே போய் நிற்பது என்பதுதான் அவருடைய கவலை. நான் எங்கே நிற்கிறேன் என்று அவர் பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்: ஃபஸ்லான் பிறந்து ஒரு வருஷத்தில் அவர் தன் பாயை முன்னறைக்குக் கொண்டுபோய்விட்டார். வேர்க்குது என்றார். வாடை நேரத்திலும் வேர்த்தது. நீ கேட்டதற்கு இதுதான் பதில்.

மாமி அடுப்படியிலிருந்தே சொன்னார்: "புள்ள பெத்தவள் எல்லாருக்கும் இரிக்கிறதுதான். நாங்க ஆஸ்பத்திரிக்கா ஓடினம்?"

கையெழுத்துப் போடமாட்டேன் என்றுவிட்டார். எனக்கு அல்லாஹ்வின் சட்டத்தில் சலுகை இருக்கிறது சிபானா, ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் ஒளு செய்து தொழு என்கிறது. இந்த வீட்டுச் சட்டத்தில்தான் இல்லை.

நீ ஒன்றும் செய்யாதே. எழுதியது சொல்லி ஆறுவதற்காக மட்டும்.

ராத்தா


மாத்தளை
18.06.2024

முத்தலிபு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்துக்கள். நீங்களும் மாமியும் உங்கள் தம்பி ஃபைஸலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் ராத்தா சுகமாக இல்லை. அது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் போட்டில் ஒழுக்கு விழுந்தால் என்ன செய்வீர்கள்? அன்றைக்கே கரையேற்றி அடைப்பீர்கள். ஊர் என்ன கதைக்கும் என்று கேட்டுக்கொண்டு இருக்கமாட்டீர்கள். உங்கள் நாலு பிள்ளைகளைச் சுமந்ததால் வந்த ஒழுக்கு இது. தும்மினால் மூத்திரம் போகிறது. துணியை மடித்து வைத்து வைத்துத் தொடை புண்ணாகிவிட்டது. அந்தப் புண்ணோடுதான் அவர் உங்களுக்குச் சோறு போடுகிறார்.

உங்களிடம் கேட்பது ஒரு கையெழுத்து. அதைப் போட உங்கள் மரியாதை இடம் தராது என்றால், அந்த மரியாதையை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் மச்சான்?

கோபத்தில் எழுதுகிறேன். அதற்காக மன்னிப்புக் கேட்கவில்லை.

சிபானா


கல்பிட்டி
27.06.2024

சிபானா,

ஸலாம். இந்தக் கடிதத்தில் உன் சுகத்தைக் கேட்கமாட்டேன்.

ஒன்றும் செய்யாதே என்று எழுதினேன். உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதா? நீ பிள்ளைகளுக்கு அதைத்தானே படிப்பிக்கிறாய்?

உன் கடிதம் வந்தபோது உன் மச்சான் கடலில். மாமி உறையைப் பார்த்து மாத்தளையில் யாரோ இறந்த மையத்துச் செய்தி என்று பயந்து, "வாசி மகன்" என்று ஃபைஸலிடம் கொடுத்தார். அவன் வாசித்தான். முற்றத்தில் கருவாடு பொதி கட்ட வந்த ஆட்கள் இருந்தார்கள். மூன்று வரியில் நிறுத்தியிருக்கலாம். அவன் முடியும் வரை வாசித்தான். தொடையையும் வாசித்தான். நான் கையில் கருவாட்டுக் கடகத்தோடு வாசலில் நின்றேன்.

என் மூத்திரத்தை உன் கையெழுத்தில் எழுதி என் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாய். உன் மச்சான் வந்து கேட்டுவிட்டு என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. இன்றுவரை இல்லை.

இனி எழுதாதே.

ஜுனைதா


மாத்தளை
21.07.2024

அன்பு ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். போன் எடுத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. எழுதாதே என்றீர்கள், எழுதுகிறேன். உயிரோடு சுகமாக இருக்கிறீர்கள் என்ற ஒரு வரி போதும். அதை மெரினா எழுதினாலும் போதும்.

நான் எழுதியது பிழை இல்லை என்று இன்னும் நினைக்கிறேன். அனுப்பியது பிழை.

சிபானா


கல்பிட்டி
08.08.2024

அன்புள்ள சிபானா தங்கச்சிக்கு,

நீங்கள் எல்லாரும் ஆண்டவர் அருளால் நலமாக இருக்க வேண்டும். நான் மெரினா. உங்கள் கடிதங்கள் வந்து போகிற வீட்டுக்காரி. தலவிலக் கோயில் திருவிழா முடிந்து வந்த களைப்பில் எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருக்கும்.

ஜுனைதா எழுத வேண்டாம் என்று சொன்னாள். எழுதாவிட்டால் எனக்கு நித்திரை வராது. அவளுக்குப் போன வியாழன் ஒபரேசன் முடிந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள்.

நடந்தது இதுதான். ஒருநாள் காலையில் அபாயாவைப் போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். "வாறியா? வராட்டி நான் தனியப் போறன்" என்றாள். கிளினிக்கில் அந்த மிஸ் பழையபடி ஹஸ்பண்ட் எங்கே என்று கேட்டாள். உள்ளே இருந்து டொக்டர் எழும்பி வந்தார். "இவங்க சின்னப் புள்ளயா? ஒடம்பு இவங்கட. இவங்க சொன்னாப் போதும்" என்றார். ஜுனைதா என் பேனாவை வாங்கி எழுத்து எழுத்தாகப் பெயரைப் போட்டாள். காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. அவள் கோபமாக இருந்தாள்.

முத்தலிபு அண்ணன் மூன்றாம் நாள் வந்தார். வாட்டு வாசல் வரைக்கும் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. திராட்சைப் பை ஒன்றை என் கையில் தந்துவிட்டுப் போனார். அவள் தொடவில்லை. வீணாகக் கூடாது என்று நான் தின்றேன்.

மூத்திரம் தானாக இறங்க இன்னும் நாள் எடுக்கும் என்று குழாயோடு வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள். நீங்கள் செபியுங்கள். உங்கள் முறைப்படி.

மெரினா


மாத்தளை
16.08.2024

மெரினா அக்காவுக்கு,

உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் நல்ல சுகம் கிடைக்கட்டும். உங்கள் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது.

நான் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் இருந்தீர்கள். நன்றி என்ற சொல் போதாது, வேறு சொல்லும் தெரியவில்லை. ராத்தாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். அவர் எழுதும்போது எழுதட்டும்.

சிபானா


கல்பிட்டி
29.09.2024

சிபானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமா? உன் மகள் உண்டாகியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அல்ஹம்துலில்லாஹ். கீழ்த் தசைப் பயிற்சியை இன்றிலிருந்தே அவளுக்குச் சொல்லிக்கொடு. வெட்கப்படாமல் சொல்லிக்கொடு.

உன் கடிதத்தை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். முற்றம் முழுக்கக் கேட்ட பிறகு எனக்கு மறைக்க ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. மறைக்க ஒன்றும் இல்லாதவளுக்கு யாருடைய அனுமதி வேண்டும்? அந்தக் கிழமையே கிளினிக்குக்கு நடந்தேன்.

டொக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, அஸ்ரியா டீச்சருக்குச் செய்த மாதிரி செயற்கை நூலில் நெய்த வலைப் பட்டி. சின்ன வெட்டு, சுருக்காக வீட்டுக்குப் போகலாம், பெரும்பாலான பெண்களுக்கு நல்லாகவே இருக்கும். சிலருக்கு மட்டும் அது சதையை அறுத்துக்கொண்டு வெளியே வரும், வந்தால் எடுப்பது கஷ்டம். மற்றது, என் அடிவயிற்றுத் தசையின் மேல் உறையிலிருந்து ஒரு துண்டு எடுத்து அதையே தாங்கலாகப் போடுவது. பெரிய வெட்டு, ஆற நாள் எடுக்கும். வலை சிக்கினால் என்ன பாடு என்று தினமும் பார்க்கிறவள் நான். என் சதையே எனக்குப் போதும் என்றேன். என்னிடம் ஒருவர் விளக்கமாகச் சொல்லி, "நீங்க எத விரும்புறீங்க?" என்று கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம்.

பிறகு பட்டது சொல்லி முடியாது. குழாயை எடுத்தார்கள், மூத்திரம் இறங்கவில்லை. திரும்பப் போட்டார்கள். பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டில் நடந்தேன். ஃபைஸல் பார்த்துவிட்டு, "மதினி, ஹேண்ட் பேக் நல்லா இரிக்கி" என்றான். நான் பையைத் தூக்கி அவன் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். எழும்பிப் போனான்.

குழாய் எடுத்த பிறகு ஒருநாள் மிளகாய் வறுத்தேன். நெடி ஏறித் தும்மினேன். அப்படியே அசையாமல் நின்றேன். ஒன்றும் இல்லை. வேண்டுமென்றே இருமினேன். ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்ப, தொண்டை நோகும் வரை இருமினேன். சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். சிபானா, எனக்கு வந்தது கோபம். இவ்வளவுதானா? விரல் நீளத்துக்கு ஒரு சதைத் துண்டு. அதற்காகவா பன்னிரண்டு வருஷம் கலியாண வீடு, மையத்து வீடு, ஓதல், சிரிப்பு எல்லாவற்றையும் விட்டேன்? சட்டியைக் கவிழ்த்துவிட்டேன். மிளகாய் அடுப்படி முழுக்கச் சிதறியது. மாமி எட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ராத்தா


கல்பிட்டி
15.12.2024

சிபானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மகளுக்கு மசக்கை குறைந்ததா? நான் சுகமாக இருக்கிறேன். இந்தச் சொல்லைப் பொய்யில்லாமல் எழுத எவ்வளவு நாளாகிவிட்டது.

போன கிழமை ஒன்று நடந்தது. பகல் ளுஹர் தொழுதுவிட்டு இருந்தேன். மாமி உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கட்டிலில் இருக்கவில்லை, நின்றுகொண்டே கேட்டார்.

"புள்ள, எனக்கும் அத செய்வாங்களா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "எத மாமி?"

"ஒனக்குச் செஞ்சத."

அவருடைய முகத்தைப் பார்த்தேன். "எவ்வளவு காலமா?"

"முத்தலிபு பொறந்ததுல இருந்து."

உன் மச்சானுக்கு ஐம்பது வயது. மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஐம்பது வருஷம். "அப்ப ஒங்களுக்குத் தெரியும். நான் என்ன பாடு படுறன் எண்டு இந்த வீட்டுல ஒங்களுக்கு மட்டும்தான் தெரியும். தெரிஞ்சிட்டா என்னய அப்படிச் சொன்னீங்க?"

மாமி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் பல்லக் கடிச்சிட்டு இருந்தேனே. நீயும் இரிக்கத்தானே வேணும் எண்டு நெனச்சன்."

அதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தொழுகைப் பாயைச் சுருட்டி வைத்தேன், அவர் போகாமல் நின்றார். கடைசியில் சொன்னேன்: "கிளினிக் திங்கக்கிழம. கூட்டிட்டுப் போறன். ஆனா ஒங்கட மகனுக்கு நான் சொல்லமாட்டன். ஒங்கட வாயால நீங்களே சொல்லுங்க. எப்ப இருந்து எண்டும் சொல்லுங்க."

சொன்னார். இரவுச் சாப்பாட்டில், ஃபைஸலும் இருக்கும்போதே சொன்னார். உன் மச்சான் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார். "ஏன் உம்மா இவ்வளவு காலமும் சொல்லல்ல?" என்றார். கண் கலங்கிவிட்டது. ஆம்பிள டொக்டரா என்று கேட்கவில்லை. வாடியில் என்ன கதைப்பார்கள் என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை விடிய சுபஹோடு வாசலில் வான் நின்றது. தலையணை ஒன்று, போத்தல் தண்ணீர், உம்மாவுக்குக் குளிரும் என்று ஒரு போர்வை. போட் அனுப்பவில்லை, தானும் வருகிறார். நான் முன் சீட்டில் ஏறினேன். நுரைச்சோலை தாண்டியதும் பின்னாலிருந்து, "என்ன, ஒண்டும் கதைக்கிறா இல்ல?" என்றார். உன் கடிதத்துக்குப் பிறகு அவராக என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

நான் திரும்பிப் பார்த்தேன். வான்காரன் இருந்தான், மாமி இருந்தார். இருக்கட்டும் என்று கேட்டேன்: "எனக்கு வான் புடிச்சீங்களா?"

பாலாவிச் சந்தி வரைக்கும் அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மாமி போர்வைக்குள்ளே அழுதார். நான் இரண்டு பேரையும் தேற்றவில்லை. கிளினிக்கில் இறங்கி மாமியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனது நான்தான். அவர் வாசலில் நின்றுவிட்டார். "உள்ள வாங்க" என்றேன். "வந்து கேளுங்க. டொக்டர் என்ன சொல்றா எண்டு நீங்களும் கேளுங்க." வந்தார். கதிரையின் நுனியில் இருந்து, முடியும் வரை கேட்டார்.

மாமிக்கு இன்னும் சோதனைகள் இருக்கின்றன, வயதானவர். முதலில் பயிற்சிதான். ஒவ்வொரு நாளும் நான்தான் பக்கத்தில் இருந்து எண்ணிக்கொடுக்கிறேன். கோபத்தோடுதான் எண்ணுகிறேன். அவருக்கும் அது தெரியும்.

நீ பாடசாலை லீவில் கல்பிட்டிக்கு வா. உன்னோடு உள்ள சண்டையை நான் கடிதத்தில் முடிக்கப்போவதில்லை. முகத்துக்கு முகம் பார்த்துக் கத்த வேண்டும். கத்தினாலும் இப்போது எனக்கு ஒன்றும் ஆகாது.

வஸ்ஸலாம்.
உன் ராத்தா
ஜுனைதா